வயல் உரமும் பாக் விரிகுடாவின் கடற்புல்லும்: நடுவதற்கு முன் நீரைப் பார்க்க வேண்டாமா?

சேதுக்கரைவாசி

தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில், சேதுபாவாசத்திரத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் வசிக்கிறேன். தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் எங்கள் கரையை ஒட்டியே அமைகிறது. கடற்பசுவாகிய ஆவுளியா மேயும் தாழை, அதாவது கடற்புல், அழிந்த இடங்களில் அதை மறுபடியும் நட வேண்டும் என்று எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் முனைந்திருக்கிறார்கள். மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு கட்டி, அதில் தண்டுகளைப் பிணைத்துக் கடலடியில் பதிக்கும் முறையைக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

என் கேள்வி நடும் முறையைப் பற்றியது அன்று. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வடிகால் முகத்துவாரத்துக்கு அருகில் உள்ள புல்லைப் பார்த்தால், இலைகளின் மேல் பழுப்பும் பச்சையுமாகப் பஞ்சு போன்ற பாசி அடர்ந்து படர்ந்திருக்கிறது. முகத்துவாரத்திலிருந்து விலகிப் போகப் போக அது குறைகிறது. வயலிலிருந்து வடியும் உரம்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். இறால் பண்ணைக் கழிவு என்கிறார்கள் வேறு சிலர். மீனவப் பெரியவர்களோ, இழுவலையை நிறுத்தாமல் வேறு எதைப் பேசியும் பயனில்லை என்று உறுதியாகச் சொல்கிறார்கள். நிலத்திலிருந்து வரும் ஊட்டச்சத்து கடற்புல்லை உண்மையில் கொல்லுமா? கொல்லும் என்றால் எவ்வாறு? வேறு எங்காவது இது நடந்து, அதைத் திருத்திய அனுபவம் உண்டா? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால், நடவில் இறங்கும் முன் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

உப்பங்கழி

கடல்சார் உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில், முதல் இரண்டு கேள்விகளுக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.

கடற்புல் என்பது பாசி அன்று. வேரும், மண்ணுக்குள் படரும் கிடைத்தண்டும், பூவும் விதையும் உடைய உண்மையான தாவரம். நிலத்துத் தாவரங்களிலிருந்து தோன்றிக் கடலுக்குத் திரும்பியது. இந்த உடலமைப்புக்கு அது கொடுக்கும் விலை ஒளி. ஒளிச்சேர்க்கை செய்யாத வேரையும் தண்டையும் இலையே ஊட்டி வளர்க்க வேண்டியிருப்பதால், நீர்ப்பரப்பில் விழும் ஒளியில் சராசரியாக 11 விழுக்காடாவது அதற்குத் தேவைப்படுகிறது. பல இனங்களுக்கு 20 விழுக்காடும் அதற்கு மேலும் வேண்டும். நீரில் மிதக்கும் நுண்பாசிக்கோ ஒரு விழுக்காடு போதும். ஆகவே நீர் கலங்கும்போதெல்லாம் முதலில் தோற்பது கடற்புல்தான்.

இப்போது தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மிகுதியாக வந்து சேர்கின்றன என்று கொள்ளுங்கள். அவற்றை முதலில் எடுத்துக்கொள்வது விரைவாகப் பெருகும் உயிர்கள்: நீரில் மிதக்கும் நுண்பாசி, இலைமேல் படியும் ஒட்டுப்பாசி, அடியில் பாய்பாயாகப் புரளும் பெரும்பாசி. மூன்றும் மூன்று மட்டங்களில் ஒளியை மறைக்கின்றன. நீங்கள் பார்த்த பஞ்சு போன்ற படலம் இரண்டாவது வகை. இலைக்கு வந்து சேரும் ஒளியைத் தடுப்பதோடு, நீரிலிருந்து இலை உறிஞ்ச வேண்டிய கரியமில வாயுவையும் அது தடுக்கிறது.

புல் உடனே செத்துவிடுவதில்லை என்பதுதான் இதில் ஏமாற்றும் பகுதி. கிடைத்தண்டில் சேமித்துள்ள மாவுச்சத்தைச் செலவழித்துக்கொண்டு சில வாரங்கள், இனத்தைப் பொறுத்துச் சில மாதங்கள்கூட, அது பச்சையாகவே தெரியும். கண்ணுக்குத் தெரியாத அழிவு இந்தக் காலத்தில் மண்ணுக்குள் நடக்கிறது. செத்து அடியில் விழும் பாசி மட்கும்போது மண்ணில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அதன்பின் சல்பேட்டைக் கொண்டு வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. நலமான புல், பகலில் இலையில் உண்டாகும் ஆக்சிஜனை வேர் வரை அனுப்பி அந்த நஞ்சை முறித்துவிடும். ஒளி குறைந்த புல்லால் அது முடியாது. அழுகிய முட்டை நாற்றம் வீசும் கருஞ்சேற்றில் கடற்புல் தண்டு குழைந்து, தொட்டவுடன் கழன்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தத் தொடரின் கடைசிக் கட்டம்.

புல் போனபின் நிலைமை தானாகவே மேலும் கெடுகிறது. மண்ணைப் பிடித்து வைத்திருந்த வேர்கள் இல்லாததால் சிறு அலைக்கும் சேறு எழும்புகிறது, கலங்கல் கூடுகிறது, அடுத்திருக்கும் புல்லும் ஒளியிழக்கிறது. அதனால்தான் பல விரிகுடாக்களில், பல ஆண்டுகள் பெரிய மாற்றம் எதுவும் தெரியாமல் இருந்துவிட்டு, ஓரிரு பருவங்களில் பரந்த புல்வெளி மறைந்துபோனது.

கடைமடை உழவர்

பேராவூரணிப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடையில் நெல் சாகுபடி செய்கிறவன் நான். இரண்டு செய்திகளைக் கேட்க விரும்புகிறேன்.

முதலாவது, உரம் பயிருக்கு வளம் தருவது போலப் புல்லுக்கும் தரத்தானே வேண்டும்? கடற்புல்லும் வேருள்ள தாவரம் என்று ஐயா அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது, எங்களுக்குக் கடைமடையில் தண்ணீர் வந்து சேர்வதே பெரும்பாடு. அப்படி இருக்க, கடலில் எது கெட்டாலும் உழவன் இட்ட யூரியா என்று முடித்துவிடுகிறார்கள். நான் இடும் தழைச்சத்தில் எவ்வளவு கடலுக்குப் போகிறது என்று யாராவது அளந்து சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். அளக்காமல் பழி சொல்வதை ஏற்க இயலாது.

உப்பங்கழி

உங்கள் முதல் கேள்வி மிகவும் சரியானது. சத்து வறண்ட இடத்தில் சிறிதளவு உரம் கடற்புல்லை வளர்க்கவே செய்கிறது. ஃபுளோரிடா விரிகுடாவின் சுண்ணாம்பு மண்ணில் மணிச்சத்து மிகக் குறைவு. அங்கே ஆய்வாளர்கள் புல்வெளியில் கழிகளை நட்டு வைத்தார்கள். அவற்றின் மேல் கடற்பறவைகள் வந்து அமர்ந்தன. எச்சம் விழுந்த வட்டத்தில் புல் செழித்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, அங்கிருந்த ஆமைப்புல் என்னும் நின்று வளரும் இனம் பின்வாங்கி, விரைவாகப் படரும் ஹாலோடூல் இனம் அந்த வட்டங்களைப் பிடித்துக்கொண்டது. கழிகளை எடுத்துப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்த மாற்றம் நீடித்தது. மண்ணில் ஒருமுறை சேர்ந்த மணிச்சத்து எளிதில் நீங்குவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

வயலுக்கும் கடலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: வயலில் களை முளைத்தால் நீங்கள் எடுக்கிறீர்கள், கடலில் ஒட்டுப்பாசியை எடுப்பவர் இல்லை. உரம் முதலில் களைக்கே போய்ச் சேருகிறது. களையைக் கட்டுக்குள் வைத்திருந்த ஓரா மீன், சிறு நத்தைகள், இறால் வகைகள் ஆகியவை குறைந்த இடத்தில் அதே அளவு சத்து அதிகமான கேட்டைச் செய்யும்.

இரண்டாவது கேள்விக்கு: நீர் தேங்கிய நெல்வயலில் இடும் யூரியாவின் ஒரு பெரும்பகுதி அம்மோனியாவாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் காற்றில் போய்விடுகிறது. ஆகவே வாங்கிய மூட்டைகளின் கணக்கைக் கொண்டு கடலின் கணக்கைப் போடுவது தவறு. அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கடலுக்குப் போவது எப்போது என்று பார்த்தால், சம்பாவுக்கு மேலுரம், அதாவது பயிர் வளரும்போது இடும் உரம், இட்ட சில நாட்களுக்குள் பெருமழை பெய்து, வரப்பை வெட்டி நீரை வடிகாலில் விடும்போதுதான். ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் போவதைவிட, ஐப்பசி கார்த்திகை மழையில் சில நாட்களில் போவது அதிகமாக இருக்கும். அதனால் அளவு எடுப்பதென்றால் அந்த நாட்களில் எடுக்க வேண்டும்.

தாம்பா விரிகுடாக்கரை

வேறு எங்காவது திருத்திய அனுபவம் உண்டா என்று சேதுக்கரைவாசி கேட்டிருந்தார். நான் ஃபுளோரிடாவில் தாம்பா நகரில் வாழ்கிறேன். இந்த விரிகுடாவின் கதை உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது. அதன் அண்மைக்காலப் பகுதி அவ்வளவு சொல்லப்படுவதில்லை. இரண்டையும் எழுதுகிறேன்.

1950 அளவில் இங்கே ஏறத்தாழ 40,000 ஏக்கர் கடற்புல் இருந்தது. நகரம் பெருகியது, அரைகுறையாகச் சுத்திகரித்த சாக்கடை நீர் நேராக விரிகுடாவில் விழுந்தது, கப்பல் போக்குவரத்துக்காகக் கடலடியைத் தோண்டினார்கள். 1982-இல் எஞ்சியது 21,600 ஏக்கர் அளவுக்குத்தான். 1970-களில் கரையோரம் வாழ்ந்தவர்கள் அழுகிய பாசியின் நாற்றம் தாங்காமல் அரசிடம் முறையிட்டார்கள் என்று இங்குள்ள மூத்தவர்கள் இன்றும் சொல்வதுண்டு. அந்த மக்கள் அழுத்தத்தால் சட்டம் வந்தது. விரிகுடாவில் விடும் சாக்கடை நீரில் ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் தழைச்சத்து இருக்கக் கூடாது என்று விதித்தார்கள். தாம்பா நகரின் பெரிய சுத்திகரிப்பு நிலையம் 1979-இல் மேம்பட்ட முறைக்கு மாறியது.

அதற்குப் பின் அவர்கள் செய்த செயல்தான் நாம் கற்க வேண்டியது. புல்லுக்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். இங்குள்ள ஆமைப்புல்லுக்கு நீர்ப்பரப்பு ஒளியில் 20.5 விழுக்காடு வேண்டும் என்று கண்டறிந்தார்கள். இழந்த புல் மீண்டும் வளர வேண்டிய ஆழத்தில் அந்த ஒளி கிடைக்க, நீரில் நுண்பாசி எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்? நுண்பாசி அவ்வளவுக்குள் இருக்க, ஆண்டுக்கு எத்தனை டன் தழைச்சத்துக்கு மேல் வரக் கூடாது? அந்த எண்ணை முன்வைத்து 1990-களின் நடுவில் நகராட்சிகள், கவுண்டிகள் என்னும் மாவட்ட நிர்வாகங்கள், மின்நிலையம், உர நிறுவனங்கள் எல்லாம் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, ஆளுக்கு இவ்வளவு என்று சுமையைப் பகிர்ந்துகொண்டன. துறைமுகத்தில் உரம் ஏற்றும்போது சிந்துவதுகூட ஒரு கணக்குத் தலைப்பாக இருந்தது. பினல்லாஸ் கவுண்டியில் மழைக்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை வீட்டுப் புல்தரைக்குத் தழைச்சத்து உரம் இடுவதையே தடை செய்தார்கள். மக்கள்தொகை பெருகிக்கொண்டிருந்தபோதே தழைச்சத்து வரத்து 1970-களில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. 2016 அளவீட்டில் கடற்புல் 41,655 ஏக்கரை எட்டியது. 1950-இன் நிலையைத் தாண்டியது. பெரும்பகுதி நடாமலே வந்தது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நீர் தெளிந்தது, புல் தானாகப் படர்ந்தது.

இனி அண்மைக்காலம். 2022 அளவீட்டில் பரப்பு மீண்டும் ஏறத்தாழ 30,100 ஏக்கருக்கு இறங்கிவிட்டது. விரிகுடாவின் வடமேற்குப் பகுதியில் கோடைதோறும் ஒருவகை நுண்பாசி பெருகுகிறது, மழை மிகுந்த ஆண்டுகள் வந்தன, நீர் வெப்பமாகிறது. போதாக்குறைக்கு, 2021 மார்ச் இறுதியில் பைனி பாயிண்ட் என்னும் மூடப்பட்ட உரத் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தேக்கத்தில் கசிவு ஏற்பட, அது உடைந்து ஊர்களை மூழ்கடிக்கும் என்று அஞ்சி, 21.5 கோடி காலன் கழிவுநீரை விரிகுடாவில் திறந்துவிட்டார்கள். அதில் ஏறத்தாழ 200 டன் தழைச்சத்து இருந்தது. முப்பது ஆண்டுகள் டன் டன்னாகக் குறைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு அந்தச் சில நாட்கள் எவ்வளவு வலியைக் கொடுத்தன என்பதை அருகிலிருந்து பார்த்தேன்.

ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில் உள்ள இந்தியன் ஆற்றுக் காயலில் இதைவிடக் கொடியது நடந்தது. 2011-இல் தொடங்கிய நுண்பாசிப் பெருக்கங்கள் அந்தக் காயலின் கடற்புல்லில் பாதிக்கும் மேல் அழித்தன. வீடுகளின் கழிவுத்தொட்டிகளிலிருந்து மண்வழியாக ஊறிய தழைச்சத்தும் புல்தரை உரமும் முக்கியக் காரணங்கள். குளிர்காலத்தில் அங்கே கூடும் மானட்டி என்னும் கடற்பசுக்களுக்கு மேய்ச்சல் இல்லாமல் போனது. 2021-இல் ஃபுளோரிடா முழுவதும் 1,100 மானட்டிகள் இறந்தன, பட்டினியே பெருங்காரணம். அந்த ஆண்டு இறுதியில் அரசே லெட்டூஸ் கீரையைக் கொட்டி உணவளிக்க வேண்டிய நிலை வந்தது. நம் ஆவுளியா இதே விலங்கு வரிசையைச் சேர்ந்தது. நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் புல் தின்பது.

நாட்டுப்படகுக்காரர்

எல்லாவற்றையும் படித்தேன். கடலில் நாற்பது வயதைக் கடந்த எங்களைப் போன்றவர்களின் பேச்சையும் இங்கே பதிவு செய்கிறேன். இராமநாதபுரம் கரையிலிருந்து எழுதுகிறேன்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி பத்து மீட்டர் அளவுதான். விசைப்படகின் இழுவலை அடியைச் சுரண்டிக்கொண்டு போகும்போது, தாழை வேரோடு பிடுங்கப்பட்டு வலையில் வருகிறது. சேறு எழும்பினால் பல மணி நேரம் தணிவதில்லை. தாழை இருந்த இடத்தில் நண்டு வலை விட்டு, ஓரா பிடித்து, சிங்கி இறால் எடுத்துப் பிழைத்தவர்கள் நாங்கள். எங்களைக் கேட்டால் உரம் இரண்டாவது, வலை முதலாவது. அமெரிக்காவில் சாக்கடை காரணம் என்றால் இங்கேயும் அதுவே காரணம் என்று எடுத்துக்கொண்டு, இழுவலைப் பேச்சு மறைந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

உப்பங்கழி

நாட்டுப்படகுக்காரர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். பாக் விரிகுடாவில் கடற்புல்லுக்கு நேரடியாக ஏற்படும் இழப்பில் இழுவலைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் இவை இரண்டும் தனித்தனிக் கணக்குகள் அல்ல. இழுவலை எழுப்பும் சேற்றோடு, மண்ணில் புதைந்திருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் மீண்டும் நீருக்கு வருகின்றன. மறுபக்கம், சத்து மிகுந்த நீரில் மாவுச்சத்துச் சேமிப்பை இழந்து நிற்கும் புல், வலை ஒருமுறை கிழித்தால் மீண்டு படர வலிமையில்லாமல் போகிறது. தெளிந்த நீரில் ஒரு கிழிசல் மூடிக்கொள்ளும்; கலங்கிய நீரில் அது விரிந்துகொண்டே போகும். வலையை நிறுத்திவிட்டு நீரைக் கவனிக்காவிட்டாலும், நீரைத் திருத்திவிட்டு வலையை விட்டுவிட்டாலும் பலன் அரைகுறையாகவே இருக்கும்.

இடத்துக்கு இடம் முதன்மைக் காரணம் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசைப்படகு வராத கரையோர மூன்று நான்கு அடி ஆழத்தில், முகத்துவாரத்தின் பக்கத்தில், புல் மீது பாசி படர்கிறது என்றால் அங்கே வலையைக் குறை சொல்ல முடியாது. சேதுக்கரைவாசி கண்டது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

பெர்த்வாசி

மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். பெர்த்துக்குத் தெற்கே காக்பர்ன் சவுண்ட் என்னும் மறைவான கடற்பகுதி இருக்கிறது. 1950-களில் அதன் கரையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் பின்னர் உர ஆலை முதலிய தொழில்களும் வந்தன. நகரச் சாக்கடையும் அங்கேயே விழுந்தது. பொசிடோனியா என்னும் கடற்புல்லின் இலைகளில் ஒட்டுப்பாசி படர்ந்து, 1967-க்கும் 1999-க்கும் இடையில் 77 விழுக்காடு புல்வெளி அழிந்தது. பேரழிவின் பெரும்பகுதி 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும், சில ஆண்டுகளுக்குள் நடந்தது.

பிறகு கழிவைக் கட்டுப்படுத்தினார்கள். நீர் ஓரளவு தெளிந்தது. ஆயினும் தாம்பாவில் போல் புல் திரும்பி வரவில்லை. பொசிடோனியா மிக மெதுவாகப் படரும் இனம் என்பது ஒரு காரணம். நேரடிக் கழிவு நின்ற பின்னும் தொழிற்பேட்டையின் அடியில் ஊறியிருந்த நிலத்தடி நீர் வழியாகத் தழைச்சத்து வந்துகொண்டிருந்தது இன்னொரு காரணம். ஆகவே "இப்போது கெடட்டும், பின்னால் திருத்திக்கொள்ளலாம்" என்று எந்த இனத்துக்கும் எந்தக் கரைக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. உங்கள் கடலில் உள்ள ஹாலோஃபிலா போன்ற சிறு இலை இனங்கள் விரைவாகத் திரும்பலாம். எனாலஸ் போன்ற நீண்ட இலை இனம் போனால் திரும்புவதற்கு ஒரு தலைமுறை ஆகலாம்.

வலிகாமம் கிணற்றடி

பாக் விரிகுடாவின் மறுகரையிலிருந்து எழுதுகிறேன். நிலத்தடி நீரைப் பற்றிப் பெர்த்வாசி சொன்னது எங்களுக்கு மிகவும் பொருந்தும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லில் இறங்கி, வெடிப்புகள் வழியாகக் கடலை அடைகிறது. கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊற்று இருப்பதை அனைவரும் அறிவர். வலிகாமத்தில் வெங்காயம், புகையிலை, மிளகாய், காய்கறி என்று ஆண்டு முழுவதும் தோட்டம் செய்கிறோம். சிவப்பு மண் வளமானது, ஆனால் ஆழம் குறைந்தது. இடும் பசளையும் மலசலகூடக் குழிகளின் ஊறலும் விரைவாகக் கீழே இறங்கிவிடுகின்றன. குடிநீருக்கு உலக நலவாழ்வு அமைப்பு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று (நீரில் கரைந்த தழைச்சத்தின் வடிவம்) என்ற எல்லையைத் தாண்டிய கிணறுகள் எங்கள் பகுதியில் பல உள்ளன. குழந்தைகளின் உடல்நலத்தை முன்னிட்டு இதைப் பற்றிப் பேசுகிறோம்; அதே நீர் கடலடியில் ஊறிப் புல்வெளிக்குப் போய்ச் சேர்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாக்காய்ட் விரிகுடாவில் இவ்வாறுதான் நடந்தது என்று படித்திருக்கிறேன். பெரிய ஆலையோ, பெரும் வடிகாலோ இல்லை. கரையில் வீடுகள் பெருகின. அவற்றின் கழிவுத்தொட்டி ஊறல் மணல் வழியாகப் பல ஆண்டுகள் பயணம் செய்து கடலை அடைந்தது. ஈல்புல் என்னும் கடற்புல் பெரும்பாலும் மறைந்து, அந்த இடத்தைப் பெரும்பாசி பிடித்துக்கொண்டது. நிலத்தடி வழியே வரும் சத்தின் கொடுமை என்னவென்றால், இன்று நாம் நிறுத்தினாலும் நேற்று இறங்கியது இன்னும் வந்துகொண்டே இருக்கும்.

இழுவைப் படகுகளால் எங்கள் கரை மீனவர்கள் அடையும் துன்பத்தை இங்கே விரிக்கவில்லை. நாட்டுப்படகுக்காரர் சொன்னதே போதும். இரு கரைக்கும் அது ஒன்றே.

கடைமடை உழவர்

என் முந்தைய பதிவில் இருந்த கோபம் நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இங்கே எழுதியவர்கள் உழவரைக் குற்றவாளியாக நிறுத்தாமல் எப்போது, எவ்வழியாக என்று பிரித்துச் சொன்னதால், என் பக்கத்திலிருந்து செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

மானிய விலையில் 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கிறது. 2010-இல் கொண்டுவந்த ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத் திட்டத்தில் யூரியாவைச் சேர்க்காமல் விட்டதால், டிஏபி, பொட்டாஷ் ஆகிய மற்ற உரங்களின் விலை ஏற ஏற, மலிவான யூரியாவையே கூட்டி இடும் பழக்கம் வளர்ந்தது. பயிர் கரும்பச்சையாகத் தெரிந்தால்தான் மனம் நிறைகிறது. பச்சை அதிகமானால் பூச்சியும் அதிகம், பயிர் சாய்வதும் அதிகம் என்பது எங்களுக்கே தெரியும். வேளாண்மைத் துறையினர் தரும் இலை வண்ண அட்டையைப் பிடித்துப் பார்த்து, நிறம் குறைந்தால் மட்டும் மேலுரம் இட்டால் தழைச்சத்து மிச்சமாகிறது, விளைச்சல் குறைவதில்லை. வானிலை அறிவிப்பில் கனமழை என்றால் மேலுரத்தைத் தள்ளிப் போடலாம். உரம் இட்டபின் மடையை அடைத்து வைப்பதும் நம் கையில் இருக்கிறது. பெருமழையில் பயிர் மூழ்கும்போது வடிக்காமல் இருக்க இயலாது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள்.

அதேபோல் இறால் குட்டைகளைப் பற்றியும் பேச வேண்டும். எங்கள் கடைமடையில் வயலுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பவை அவை.

உப்பங்கழி

ஆம், அதைத் தவிர்க்க முடியாது. இறாலுக்கு இடும் தீவனத்தில் உள்ள தழைச்சத்தில் ஏறத்தாழ கால் பங்குதான் இறாலின் உடலாகிறது. மீதி நீரிலும் அடிச்சேற்றிலும் தங்குகிறது. அறுவடையின்போது குட்டையை வடிக்கும்போது கடைசியாக வரும் பத்து இருபது விழுக்காடு நீரில்தான் சேறும் சத்தும் மிகுந்திருக்கும். அந்தக் கடைசிப் பகுதியை மட்டுமாவது தனிக் குட்டையில் சில நாட்கள் தேக்கித் தெளியவிட்டு வெளியேற்றினால் சுமையில் கணிசமான பகுதி கரையிலேயே நின்றுவிடும். அதிகச் செலவில்லாத செயல் இது.

காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கடலோர இறால் பண்ணைகளை இந்தியா முழுவதும் கேள்விக்குள்ளாக்கியது. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவும் விதிகளும் ஏற்பட்டன. பெரிய பண்ணைகளுக்குக் கழிவுநீரைத் தெளிவிக்கும் அமைப்பு கட்டாயம். நம் கரையில் இருப்பவை பெரும்பாலும் சிறு பண்ணைகள். ஒவ்வொன்றும் சிறிதாக இருந்தாலும் ஒரே வடிகாலில் அடுத்தடுத்து வடிக்கும்போது, முகத்துவாரத்துப் புல்லுக்கு அது ஒரே பெரிய பண்ணையாகத்தான் வந்து சேருகிறது.

சேதுக்கரைவாசிக்கு நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். நடும் முன் ஒளியை அளந்துகொள்ளுங்கள். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தகட்டைக் கறுப்பும் வெள்ளையுமாகக் கால்கால் பங்காகத் தீட்டி, அளவு குறித்த கயிற்றில் கட்டி, நண்பகலையொட்டிப் படகின் நிழல் பக்கத்தில் இறக்குங்கள். தகடு கண்ணுக்கு மறையும் ஆழத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடு ஒளி எஞ்சியிருக்கும். ஆகவே ஒளி அதிகம் தேவைப்படும் இனங்களை, தகடு மறையும் ஆழத்துக்குக் கீழே நடுவதில் பொருளில்லை. ஒன்றரை மீட்டரில் தகடு மறைகிறது என்றால், இரண்டரை மீட்டரில் எஞ்சுவது ஆறு விழுக்காடு அளவே. அங்கே நட்ட சைமோடோசியா என்னும் கடற்புல் சில மாதங்கள் பச்சையாக நின்றுவிட்டுப் போய்விடும். வாடைக்காற்றுக் காலத்தில் பாக் விரிகுடா இயல்பாகவே கலங்கும் என்பதால், ஒரு நாள் அளவை நம்பாமல் ஆண்டு முழுவதும் வாரம் ஒருமுறை குறித்துவையுங்கள். இலையின் ஒட்டுப்பாசியையும் அதே நாளில் பாருங்கள்: ஒரே அளவுள்ள பத்து இலைகளைச் சுரண்டி, பாசியையும் இலையையும் தனித்தனியாக உலர்த்தி நிறுத்தால் விகிதம் தெரிந்துவிடும். முகத்துவாரத்திலிருந்து விலகும் வரிசையில் நான்கைந்து இடங்களில் இதைச் செய்தால், நிலத்திலிருந்து வரும் சத்தின் பங்கு எவ்வளவு தொலைவு வரை தெரிகிறது என்பது உங்கள் கையிலேயே இருக்கும்.

தாம்பா விரிகுடாக்கரை

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கே புல்லை அளந்தது போலவே சத்தின் மூலங்களையும் தனித்தனியாக அளந்தார்கள்: சாக்கடை இவ்வளவு, மழைநீர் வடிகால் இவ்வளவு, காற்றிலிருந்து படிவது இவ்வளவு என்று. எண் கையில் வந்தபின்தான் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டுவது குறைந்து, யார் எவ்வளவு குறைப்பது என்ற பேச்சு தொடங்கியது. உழவர் கேட்ட "அளந்து சொல்லுங்கள்" என்ற கேள்விதான் இதன் தொடக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சேதுக்கரைவாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் குழுவினரோடு அமர்ந்து இந்தப் பதிவுகளை வாசித்தோம். முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் இந்தப் பருவம் நடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். விலகியுள்ள, நீர் தெளிந்த திட்டில் மட்டும் சிறிய அளவில் நட்டு, தகட்டின் அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நடவில் நீண்ட அனுபவமுள்ள தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்துக்கு எங்கள் இடத்தின் விவரங்களை எழுதி, இனத் தேர்வு குறித்துக் கேட்கவிருக்கிறோம். ஊராட்சிக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளை வைப்போம்: இறால் குட்டைகளின் கடைசி வடிநீரைத் தேக்க வடிகாலோரம் பொதுக் குட்டை ஒன்று, ஊரின் கழிவுநீர் நேராக முகத்துவாரத்தில் விழாமல் இருக்க ஒரு மாற்று வழி. இழுவலை பற்றிய கோரிக்கை ஏற்கெனவே நாட்டுப்படகு சங்கத்தினரிடம் இருக்கிறது; அதில் எங்கள் கையெழுத்தையும் சேர்க்கிறோம்.

மழைக்கால நீர் மாதிரியை எடுக்க எங்களுக்கு ஓர் உதவி வேண்டும். வடிகாலின் மேற்பகுதியில், வயல் நீர் வந்து சேரும் இடத்திலும் அதே நாளில் மாதிரி எடுத்தால்தான் வயலின் பங்கையும் குட்டையின் பங்கையும் பிரிக்க முடியும்.

கடைமடை உழவர்

அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வாய்க்காலில் பாசனம் செய்பவர்களிடம் சொல்லி, யார் எந்த நாளில் மேலுரம் இட்டார்கள், எந்த நாளில் மடை திறந்தார்கள் என்பதையும் எழுதிவைக்கச் சொல்கிறேன். போத்தல்களை முன்கூட்டியே அனுப்பிவையுங்கள். கனமழை தொடங்கிய பின் எங்கள் ஊருக்கு வரும் பாதை மூழ்கிவிடும்.